பட்டன் அண்ணனின் நாற்காலி

ஆபீஸில் ‘ஒருவரி’ என்று பட்டப்பெயர் வாங்கிய பொண்ணு டீ குடிக்க எழுந்து போனாளோ இல்லையோ, பட்டன் அண்ணன் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். இடமும் வலமும் ஒரு பார்வை. பிறகு, அவள் பூட்டாமல் விட்டுப்போன கம்ப்யூட்டரில் மளமளவென்று எதையோ தட்ட ஆரம்பித்தார்.

பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போன டெஸ்டிங் அக்கா இதைப் பார்த்துவிட்டாள். அக்கா பார்த்தால் ஆபீஸே பார்த்த மாதிரி.

"தெரியுமா சேதி? அந்தப் பொண்ணுக்குக் குழி தோண்டிட்டு இருக்காரு," என்றாள், பக்கத்து சீட் டிசைனரிடம்.

"யாரு, அண்ணனா? பாவம்க்கா, வாயில்லாப் பூச்சி."

"வாய்தான் இல்லை. கை இருக்குல்ல?"

அக்காவின் சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிற ஆபீஸ் அது. ஆளுக்கொரு பக்கம் எழுதுவார்கள். எழுதியதையெல்லாம் சேர்த்து, கடைக்கு அனுப்புகிற ஒரே புரோகிராமாக்குவதற்குப் பெயர் பில்ட். அது அண்ணனின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் நடக்கும்.

அவர் வைத்திருப்பது ஐடிஇ. எழுத, திருத்த, ஓட்டிப் பார்க்க என எல்லாம் ஒரே ஜன்னலில் அடங்கிய பெரிய சமாசாரம். அதன் மூலையில் ஒரு பச்சைப் பட்டன். அண்ணன் அமுக்கினால் பில்ட் தயார். அதே பட்டனை மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் அமுக்கினால் திரை முழுக்கச் சிவப்பு. வருஷக்கணக்கில் உள்ளே என்னென்ன செட்டிங்கை மாற்றி வைத்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

மனுஷன் அந்த நாற்காலியை விட்டு நகர்ந்ததும் கிடையாது. கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளைக் கோலத்தில் ஓடிவந்து, பட்டனை அமுக்கிவிட்டுப் போனவர். அவ்வளவு பதவி ஆசை!

இந்த நேரத்தில்தான் புதுசாக ஒருத்தி வேலைக்கு வந்தாள். "இத்தனை பெரிய ஐடிஇ எதுக்கு? எழுதறதுக்கு சாதாரண எடிட்டர் போதும். பில்ட் எப்படிப் போடணும்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டா, கறுப்புத் திரையில ஒரே ஒரு வரி. யார் வேணா, எந்த மெஷின்ல வேணா தட்டலாம்," என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் ஒருவரி.

யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்றால் அண்ணன் எதற்கு? அவர் சீட்டு கிழிந்துவிடாதா? ஐடிஇயா, ஒருவரியா என்று அன்று சாயங்காலம் மேனேஜர் முன்னால் முடிவாகப் போகிறது. மத்தியானம் பார்த்து அண்ணன் அவள் கம்ப்யூட்டரை நோண்டினால், ஊர் என்ன பேசும்?

சாயங்காலம் மேனேஜர், யார் கையும் படாத புது லேப்டாப் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். வேண்டியதையெல்லாம் ஒருவரி அதில் ஏற்றினாள். தட்டுவதற்கு டெஸ்டிங் அக்காவை உட்கார வைத்தார்கள்.

அக்கா அந்த ஒரு வரியைத் தட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின. பாதியில் நின்றன.

அக்கா திரையை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள். ஏசி அறையிலும் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கிட்டாரு என்று அக்கா நினைத்த அதே நொடியில், எழுத்துகள் மறுபடி ஓடி முடிந்தன. பில்ட் தயார்.

அக்காவுக்கு அதற்கு மேல் வாய் நிற்கவில்லை.

"சார், மத்தியானம் அண்ணன் இவ சீட்ல உக்காந்து எதையோ நோண்டினாரு. என் கண்ணால பார்த்தேன். நல்லவேளை, பலிக்கலை!"

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். "என்னப்பா இது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரிதான் முன்னால் வந்து பேசினாள்.

"இனிமே மறைக்க முடியாது சார். நான் எழுதின ஃபைல் காலையில வரைக்கும் சிவப்பாத்தான் வந்துச்சு. அண்ணன்தான் மத்தியானம் உக்காந்து சரி பண்ணிக் குடுத்தாரு. இந்த யோசனையே அவரோடதுதான். அவர் வந்து கேட்டா, 'அதான் நீ இருக்கியே, அதெல்லாம் எதுக்கு'ன்னு நீங்க தட்டிக் கழிச்சிடுவீங்களாம். அதனால என்னைப் பேசச் சொன்னாரு."

அக்கா டிசைனரைப் பார்க்க, டிசைனர் கூரையைப் பார்த்தார். மேனேஜருக்குத் தலை சுற்றியது.

"உன் நாற்காலிக்கு நீயே வேட்டு வச்சிருக்கியேப்பா. ஏன்?"

அண்ணன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வீட்ல என் பொண்ணு என்னை அங்கிள்னு கூப்பிடுறா, சார்."