கோடு தாண்டாத செல்கள்

ரவ்ஷான் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

கோடு அப்படியே இருந்தது.

முந்தின நாள் இரண்டு தட்டுகளில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, நடுவே மெல்லிய கோடு கீறி வைத்திருந்தாள். முதல் தட்டில் அவை இருபுறமிருந்தும் ஊர்ந்து வந்து கோட்டை மூடிவிட்டன. உடம்புக்குள் ஈரலுக்கும் எலும்புக்கும் கிளம்புவதும் இந்தக் குணத்தால்தான்.

இரண்டாவது தட்டில் செல்கள் விளிம்பிலேயே நின்றிருந்தன.

அதில் அவள் சேர்த்தது ஒரு மைக்ரோ ஆர்என்ஏ. நல்ல செல்லை இடம் பெயராமல் அடக்கி வைக்கும் சின்னஞ்சிறு துணுக்கு. புற்றாக மாறும்போது செல் அதைத் தொலைத்துவிடுகிறது. எத்தனையோ மாதமாக அவள் திருப்பிக் கொடுத்துப் பார்க்கிறாள். இன்றைக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.

“ரொம்ப ஆடாத. தட்டுல நின்னது மனுஷன் உடம்புல நிக்கணும்” என்றான் உடன் வேலை செய்யும் எர்மெக். அவன் முகமும் சிரிப்பை மறைக்கவில்லை.

மத்தியானம் குல்யாஷ் அக்கா வந்தாள். அல்மாட்டி நகரத்தின் மறுகோடியிலிருந்து, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டி ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு. இந்தச் செல்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவள் அவள்தான். நல்ல சேதி வந்தால் தன்னிடம் சொல்லவேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்டது.

ரவ்ஷான் இரண்டாவது தட்டை நுண்ணோக்கியில் வைத்து, செல்கள் கோடு தாண்டாமல் நிற்பதைக் காட்டினாள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. தாங்கிப் பிடிக்க ரவ்ஷான் ஓரெட்டு வைத்தாள்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“காலமெல்லாம் லாரி ஓட்டினாரும்மா. சேர்ந்தாப்ல ரெண்டு நாள் வீட்டுல நின்னதில்ல. இப்பப் பாரு, என்ன சமத்தா நிக்கிறாரு!”

அவள் கணவர் தோலெகென் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. தட்டில் இருந்தவை அவர் உடம்பிலிருந்து எடுத்த செல்கள்.

ரவ்ஷான் எதையும் மறைக்கவில்லை. “இது மருந்தாகி ஆளுங்களுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும், அக்கா. வராமலும் போகலாம்.”

“ஆகட்டும்மா.”

குல்யாஷ் மறுபடியும் குனிந்தாள். வாசலில் கிளம்பி நிற்பவரிடம் பேசுவதுபோல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“கேட்டீங்களா? இங்கயே இருங்க. இந்தப் பொண்ணுக்கு உங்களால இன்னும் காரியம் ஆகணும்.”