கோட்டைக்கு நேரா குண்டு

சதுரங்கப்பட்டினத்துக் கடலோரக் கண்காணிப்பு அறையின் சன்னலில் இடிந்த டச்சுக் கோட்டையும் காலை வெயிலும் நிற்கின்றன. அந்த வெயிலையும் மீறிப் அங்கே வேலை பார்க்கும் பிரிசில்லாவின் கணினித் திரையில் ஒரு வரி சிவப்பாகத் துடிக்கிறது. படகுகளின் வயர்லெஸ் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டு எழுதித் தரும் புது மென்பொருள் எழுதியிருக்கிறது: ‘குண்டு கோட்டைக்கு நேராக இறக்கப்பட்டது. அபாயம்.’ பின்னால் நிற்கும் கோயம்புத்தூர்க்கார அதிகாரியின் கை போன்மேலேயே இருக்கிறது. கீழே ரோந்துப் படகின் எஞ்சின் உறுமுகிறது. மேசையில் டீ கிளாஸ் நடுங்குகிறது. “துப்பாக்கியோட போகச் சொல்லிடட்டுங்களா?” என்கிறார். “ஒரு நிமிஷம் சார்,” என்று பிரிசில்லா ஹெட்போனைக் காதோடு அழுத்துகிறாள். எந்திரம் எழுதியதை விட்டுவிட்டு, அது கேட்ட குரலையே கேட்கிறாள். காற்று, அலை, நடுவில் ஒரு மீனவரின் எரிச்சல்: “இன்னா மச்சான், குண்டு பத்தல. வலை மெதந்துகினு கீது. கோட்டைக்கு நேரா இன்னும் நாலு குண்டு கட்டி எறக்கிட்டேன். நீ வந்து ஒரு கை புடி.” புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டை ஒட்டி வளர்ந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. “வலைக்குண்டு சார். வெறும் ஈயம். கோட்டைக்கு நேரான்னா, கடல்ல அவர் நிக்கற இடத்துக்கு அடையாளம்.” அதிகாரி படகை நிறுத்தச் சொல்லிவிட்டு, போனிலிருந்து கையை எடுத்து, நாற்காலியில் தொப்பென்று உட்காருகிறார். சற்று நேரத்தில் எஞ்சின் அடங்குகிறது, கிளாஸும். இனி எந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதுதான் பாக்கி. ‘சரியான பொருள்’ என்ற கட்டத்தில் பிரிசில்லா தட்டுகிறாள்: ‘குண்டு: வலையின் அடியில் கட்டுவது. முழுகத் தெரியும், வெடிக்கத் தெரியாது.’