நுஹ்மான் விழ மறுத்த காட்சி

வேன் வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தபோது, நுஹ்மான் தன் மகளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் கேட்டார். இமைகள் துடித்தன, குரல் கடைசியில் கொஞ்சம் தேய்ந்தது. கைதட்டலாம் போல றுஸைனாவுக்கு எரிச்சல் வந்தது.

போன கிழமை வரை அவரிடம் கொஞ்சம் தடுமாற்றம்தான் இருந்தது. பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பும்போது வழி தெரியாமல் நின்றதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அதையும் அவர் கதையாக்கிச் சிரித்தார். இந்த அலுவிகாரை வீட்டைப் பூட்டிவிட்டுத் தெஹிவளையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் பெற்ற மகளே மறந்துபோனாள்.

"என்ட மையத்துதான் இந்த ஊட்ட உட்டு வெளியாகும்" என்று உயிரோடு நகர மறுத்தார் அன்று. மறுநாள் காலையில் தேத்தண்ணி கொடுத்தவளை, யாரோ பெரிய வீட்டுச் சீமாட்டியைப் போல "நோனா" என்று கூப்பிட்டு மரியாதையாகச் சிரித்தார்.

மறதி என்ன குடையா, தேவைப்பட்ட நேரத்தில் விரித்துக்கொள்ள?

றுஸைனா ஏமாறுகிற ஆளில்லை. அவளுடைய கல்யாணத்திலேயே பார்த்தவள். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் சீதனக் கைக்கூலியைக் கூட்டிக் கேட்டபோது, வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் நடுவில் சாய்ந்தார். உம்மா அலறினாள். வந்தவர்கள் நடுங்கிப்போய், ஒன்றுமே வேண்டாம் என்றார்கள். அந்த வார்த்தை வந்த கையோடு மனிதர் எழும்பி, மகளை நிக்காஹ் செய்து கொடுத்துவிட்டு, விருந்துச் சகனில் உட்கார்ந்து கோழிக்கால் தேடினார்.

அதனால் இந்தக் கிழமை முழுக்க அவரை வேவு பார்த்தாள். சீனிப் போத்தலை இடம் மாற்றி வைத்தாள். கண்டுபிடித்துவிட்டார். மறதி உண்மையென்றால் பழகிய வீட்டிலிருந்து கிளப்பாமல் இருப்பதுதான் நல்லது என்று டொக்டர் சொன்னபோது, வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்த மாதிரி இருந்தது.

"ஆஸியா இன்னும் கடையால வரலியா?" என்று கேட்டபோது மட்டும் அவள் தயங்கினாள். அடக்கம் செய்த மனைவியை வைத்துமா ஒரு மனிதர் நடிப்பார்?

இவர் நடிப்பார் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேனுக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது வேன் வந்து நிற்கிறது. சோதித்துப் பார்க்கக் கடைசியாக ஒன்றுதான் மிச்சம். அதைத் தொட்டால் வாப்பா துள்ளி எழும்புவார். எழும்பாமல் இருக்க அவரால் முடியாது.

சினிமாவில் இருந்த காலத்தில் நுஹ்மான் யாருக்கும் அடங்கியவரில்லை. எழுதிக் கொடுத்த வசனத்தை எழுதியபடி சொன்னதேயில்லை. எந்த டைரக்டரையும் "சேர்" என்று கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனாலும் அவர் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

ரிவர்ஸ்டன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் படம் எடுத்தபோதுதான் அந்தப் பொறுமை முடிந்தது. முதலாளியாக நடித்தவரின் காலில் விழுந்து, "மன்னிச்சிருங்க மொதலாளி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். இந்த நெற்றி தொழுகையில் மட்டும்தான் நிலத்தில் படும் என்று சொல்லிவிட்டார். டைரக்டர் கத்தினார், தயாரிப்பாளர் கெஞ்சினார். வாப்பா கிழிந்த பெனியனோடும் முகத்துப் பவுடரோடும் பனிக்குள் அடிவாரத்து ரத்தோட்டை வரை நடந்தே இறங்கிவிட்டார். வேறொருவரின் முதுகைக் காட்டி அந்தக் காட்சியை முடித்தார்கள். அதோடு எந்தக் கம்பனியும் அவரைக் கூப்பிடவில்லை.

உம்மா ஊர் முழுக்கச் சட்டை தைத்துத்தான் றுஸைனாவைப் படிக்க வைத்தாள். அந்த நெற்றி மேல் றுஸைனாவுக்குக் கோபம் உண்டு. அதைவிடப் பெரிய பெருமையும் உண்டு.

டிரைவர் ஜெஸ்டின் மறுபடி ஹோர்ன் அடித்தான்.

கட்டிலில் இருந்தவருக்கு முன்னால் றுஸைனா கதிரையை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். வாப்பாவுக்கு முன்னால் அவள் வாழ்நாளில் அப்படி உட்கார்ந்ததில்லை.

"கெமரா ரெடி, நுஹ்மான். மொதலாளி கால்ல விழுந்து மன்னிப்புக் கேளுங்க."

 ஏச்சு வரட்டும், கைத்தடி பறந்து வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தால் சிரித்துக்கொண்டே அவரை வேனில் ஏற்றிவிடலாம்.



நுஹ்மான் கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல இறங்கினார். சாரனை ஒதுக்கிக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினார், மற்றதையும் ஊன்றினார். தொழுது தொழுது கறுத்துப்போன அந்த நெற்றியைக் கொண்டுவந்து அவள் பாதத்தின் மேல் வைத்தார்.

"மன்னிச்சிருங்க மொதலாளி."

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

றுஸைனா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. நடிப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஜெஸ்டின், வேன் வேணாம்! நீங்க போங்க!" என்று வாசல் பக்கம் கத்திவிட்டு, தானும் நிலத்தில் இறங்கி அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

கத்திய சத்தத்தில் நுஹ்மான் நடுங்கிவிட்டார். தலையை மட்டும் நிமிர்த்தி, பிழை செய்துவிட்ட பயத்தோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரியா வந்திச்சா, சேர்? இல்லாட்டி இன்னொருக்கா செய்யட்டா?"