உதாரணத்துக்கு ஒரு வாக்கியம்

அகராதிக்காரர் காலையிலிருந்து 'லீவ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே மனைவியிடம் பேச ஆரம்பித்தார்.

"வந்துட்டியா? நல்ல வேளை! இந்தச் சொல்லுக்கு வேர் ரெண்டும்மா. லீவு போடறோமே, அது அனுமதிங்கிற வம்சம். விட்டுட்டுப் போறது வேற வம்சம். அதோட பழைய அர்த்தம், மிச்சம் வைக்கிறது. எங்கே, வழக்கம்போல ஒரு உதாரணம் சொல்லு பார்ப்போம்."

வாசலில் நின்றபடியே அவள் சொன்னாள்:

"நோய் உள்ளே எதையுமே மிச்சம் வைக்கலையாம்."

"சபாஷ்! அடுத்தது, கைவிடறது."

"இனிமே மருந்தே வேண்டாம்னு டாக்டருங்க கைவிட்டுட்டாங்க."

"பிரமாதம் போ! புறப்படறது?"

"உங்களைத் தனியா விட்டுட்டு நான் புறப்படணும்."

"இதுல மட்டும் 'நான்' வேண்டாம். 'அவள்'னு மாத்திடறேன். அகராதியில சொந்தக் கதை கூடாது, பாரு."

"சரி, 'அவள்'னே போட்டுக்கோங்க."

குரல் உடைந்திருந்தது. அவர் அப்போதுதான் திரும்பினார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் நின்றிருந்தாள். முழங்கை மடிப்பில், ஊசி குத்திய இடத்தில், பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.