நல்ல மருந்து

"மருந்து அடிக்கப் போறேன். யாரும் மாடிக்கு வராதீங்க."

காலையிலேயே மூத்த மருமகள் பெரியவளின் குரல் வீட்டையே தூக்கியது. அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்த இளைய மருமகள் சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மொட்டை மாடியில் பந்தல் போட்டு பீன்ஸ் கொடியைப் படர விட்டிருந்தார் பெரியவளின் கணவர். இலையெல்லாம் புழு ஓட்டை போடுகிறது என்று உரக்கடையில் பூச்சி மருந்து வாங்கி வந்ததும் அவர்தான். அதை அடிக்கிற வேலை மட்டும் பெரியவள் தலையில்.

அந்தக் கொடியில்தான் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. போன வாரம் மருந்து அடித்தபோது அதில் வெறும் முட்டைதான். இப்போது குஞ்சு. தாய்ச்சிட்டு அந்த இலைப் புழுவைத்தான் கொத்திக்கொண்டு வந்து ஊட்டுகிறது. புழு மேல் மருந்து பட்டால் குஞ்சின் வயிற்றுக்குள்ளும் அதுதானே போகும்? பூவுக்கு வருகிற தேனீ கதியும் அதேதான்.

இதைச் சொல்லத்தான் சின்னவளுக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஓரகத்தியிடம் அவள் பேசியதெல்லாம் "சரிக்கா", "இதோ வரேன்க்கா" மட்டும்தான். மனசுக்குள் அவளுக்குப் 'போலீஸ்' என்று பேர் வைத்திருந்தாள்.

இருந்தாலும் இன்று விடுவதாயில்லை. மாடிப்படி ஓரம் போய் நின்றாள்.

"அக்கா... அந்தக் கூடு..."

"கூட்டுக்கு என்ன?"

"குஞ்சு இருக்குக்கா."

"இருந்துட்டுப் போகட்டும். உன்னைக் கடிச்சுதா?"

"இல்லக்கா, மருந்து..."

"மருந்து அடிக்கலேன்னா அவரு சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து புழுப் புராணம் பாடுவாரு. நீ கேக்கறியா? போ, அடுப்புல பால் பொங்குது பாரு."

அவ்வளவுதான். திரட்டி வைத்த தைரியமெல்லாம் பாலோடு பொங்கி வழிந்துவிட்டது.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து புடவையை இழுத்தாள்.

"அம்மா, குஞ்சுக்கு உடம்பு சரியில்லையா?"

"ம்."

"அதான் பெரியம்மா மருந்து குடுக்கறாங்களா?"

"ம்... ம்... போய் விளையாடு."

காதில் வாங்கினால்தானே. அவள் நினைப்பெல்லாம் மாடியில் கேட்ட 'புஸ் புஸ்' சத்தத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியவள் இறங்கி வந்து குளிக்கப் போய்விட்டாள்.

வீடு திடீரென்று அமைதியாக இருந்தது. குழந்தை இருக்கிற வீடு அமைதியாக இருந்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

"பாப்பா?"

மாடியிலிருந்து மெல்லிய குரல் மட்டும் வந்தது.

"ஆ காட்டு... கசக்காது... சமத்து இல்ல?"

சின்னவள் கையில் கரண்டியோடு ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கவிழ்த்த வாளி மேல் நின்றுகொண்டு, மருந்து அடிக்கிற டப்பாவைக் கூட்டுக்கு நேராகப் பிடித்திருந்தாள் மகள். குஞ்சுகளின் தலையிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மகளின் உதட்டிலும் அதே வெள்ளை.

"என்னடி பண்றே?"

"மருந்து குடுக்கறேம்மா. பாவம், வாயைத் திறந்து திறந்து இருமுது."

"நீ... நீ குடிச்சியா?"

"அது பயந்துது. அதான் முதல்ல நான் குடிச்சுக் காட்டினேன். எனக்கு நீ குடிச்சுக் காட்டுவே இல்ல, அந்த மாதிரி."

சின்னவள் குழந்தையை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் இருந்த குரல் மொத்தமும் வெளியே வந்தது.

"ஏய் போலீஸ்! எங்கே போய்த் தொலைஞ்சே? விஷத்தை இப்படித் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கியே, என் புள்ளை குடிச்சிடுச்சு!"

ஈரத் தலையும் துண்டுமாகப் பெரியவள் ஓடி வந்தாள்.

"யாருடி போலீஸ்?"

சின்னவள் டப்பாவை மட்டும் காட்டினாள்.

பெரியவள் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மூடியைத் திருகி எடுத்தாள். அண்ணாந்து கடகடவென்று தன் வாயிலேயே ஊற்றிக்கொண்டாள்.

"அக்கா, வேணாம்..."

"கத்தாதே. வெறும் தண்ணி." வாயைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சம் பால் கலந்திருக்கேன். மருந்து கலந்தா வெள்ளையாத்தானே இருக்கும்? அவருக்குச் சந்தேகம் வரக்கூடாதுல்ல."

"அப்போ கடையில வாங்கின மருந்து?"

"மூடியே திறக்கல. அன்னிக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டேன்."

"அப்போ எதுக்குக்கா யாரும் மாடிக்கு வராதீங்கன்னு அந்தக் கத்து கத்தினீங்க?"

"ஆள் நடமாட்டம் இருந்தா தாய்ச்சிட்டு கூட்டுக்கு வராதுடி. இப்பவே பாரு, வாயில புழுவை வச்சுக்கிட்டு அந்தக் கொடிக்கம்பியில தவிச்சுக்கிட்டு இருக்கு. கிளம்புங்க, ரெண்டு பேரும் கீழே இறங்குங்க."

சின்னவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர்கள் படியிறங்கும்போது, அப்போதுதான் வெளியிலிருந்து வந்த பெரியவளின் கணவர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்மா, போன வாரம் அடிச்சதுக்கே புழு பாதியாக் குறைஞ்சு போச்சே. ரொம்ப நல்ல மருந்தா இருக்கும் போல?"

"ஆமாங்க, ரொம்ப நல்ல மருந்து" என்று பெரியவள் உரக்கச் சொன்னாள்.

பிறகு சின்னவளின் காதோரம் குனிந்தாள்.

"அடைகாக்கும்போதே சிட்டு பாதிப் புழுவைத் தின்னுடுச்சு. இப்பதான் குஞ்சு பொரிச்சிருக்கு."