ஏழாம் மேசைக்காரர்

ப்ளாக்ஜாக் மேசையில் ஒட்டாவியோ உதட்டை அசைத்து எண்ணினார். கையில் பதினாறு, சீட்டுப் போடுபவளின் முன்னால் ஆறு. போதும் என்று கையசைத்துவிட்டு, மடியிலிருந்த நோட்டில் ஏதோ குறித்தார்.

இத்தாலி எல்லையை ஒட்டிய நோவா கோரித்சாவின் அந்தக் கேசினோவில் பிற்பகல் கூட்டம் குறைவு. மேற்பார்வையாளர் பொக்தான் மாடியில் கேமராத் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "மூணு வாரமா இதே கூத்து. வந்த சீட்டையெல்லாம் எண்ணி, அடுத்து வர்றதைக் கணிக்கிறான். அதுவும் கேமராவுக்கு நேர் கீழே உக்காந்து! என்ன கொழுப்பு பாரு."

ஏழாம் மேசையில் சீட்டுப் போடும் நேஜாவை இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்டார்.

"எண்ணுறவர்னா ஜெயிக்கணுமே சார்? எனக்குத் தெரிஞ்சு ப்ளாக்ஜாக்ல காசை விட்டுட்டுத்தான் போவார்."

"நீ ஒரு வெகுளி. பெரிய கை ஒரு இடத்துல தோத்துக் காட்டிட்டு, வேற கேசினோவுல அள்ளும்."

பத்தே நிமிடத்தில் ஒட்டாவியோ பொக்தானின் அறையில் நின்றார்.

"நோட்டைக் குடுங்க."

"அது என் சொந்த விஷயம்" என்றார். ஆனால் சொல்லும்போதே நோட்டை நீட்டிவிட்டார்.

தேதிவாரியாக வெற்றி, தோல்வி. எந்தச் சீட்டு வந்தால் என்ன வாய்ப்பு என்று கட்டம் கட்டமாகக் கணக்கு. கடைசி மூன்று வாரத்தில் மட்டும் பதினெட்டாயிரம் யூரோ வெற்றி.

பொக்தானின் முகம் சிவந்தது. "எங்காளு ஆறு காட்டினா, நூத்துக்கு நாப்பத்திரண்டு தடவை இருபத்தொண்ணைத் தாண்டித் தோப்பாங்க. சரியா எழுதியிருக்கீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான் கணக்கு வாத்தியார் சார்."

"கூட்டாளி யாரு?"

ஒட்டாவியோ தயங்கினார். "ஒருத்தி இருக்கா. வெளியே கார்ல."

அதற்குமேல் பொக்தானுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. செல்போனை எடுத்து அவரைப் படம் பிடித்தார். "இந்தப் படம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாக் கேசினோவுக்கும் போகுது. ஆயுசுக்கும் எந்த வாசலையும் மிதிக்கக் கூடாது!"

"ஒரு தடவை மன்னிச்சு விடக் கூடாதா?"

"வெளியே போய்யா!"

இரண்டு காவலர்கள் அவரைத் தெருவரை கொண்டுபோய் விட்டார்கள். வெயிலில் நின்ற காரில் மனைவி லொரெடானா காத்திருந்தாள். உள்ளே உட்கார்ந்தவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அவருடைய பதினோரு வருடச் சூதாட்டம் தின்றது போக மிஞ்சியிருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம் ஊதினேயில் ஒரு சின்ன வீடு மட்டும்தான்.

"ஜெயிச்சதா எழுதினதெல்லாம் பொய்னு கண்டுபிடிச்சுட்டாங்களா?"

ஒட்டாவியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நம்பிட்டாங்கடி! இனி நானே போய்க் கெஞ்சினாலும் உள்ளே விடமாட்டாங்க!"