தலைவர் பெயரில் பூத்த ஹயசிந்த்

கதவைத் திறந்தால், மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு நகராட்சிப் போட்டோக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பூங்காத் தோட்டக்காரர்.

“உங்க பால்கனியில இருந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன், அக்கா. தலைவர் கீழ பூவுக்கு நடுவுல நிக்கறாரு.”

தோட்டக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

“பால்கனிக் கதவுச் சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே, அக்கா,” என்றார், என்னைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகச் சொல்ல எங்கள் தெருவுக்கு நான் ஒருத்தி போதும்.

“சாவி கதவுலயே தொங்குது. உள்ள வாங்க.”

பத்து நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலையில்தான் வந்திருந்தேன். இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நான் இல்லாத நேரம் பார்த்துக் கீழே பூங்காவில் அத்தனையும் பூத்துத் தொலைத்திருக்கிறது.

ஹயசிந்த் என்பது பார்வைக்கு வெங்காயம். இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் வைத்தால், குளிர் முழுக்கத் தூங்கிவிட்டு, வசந்தத்தில் எழுந்து ஊரையே மணக்க அடிக்கும். அதுவரை எது நீலம், எது வெள்ளை என்று நட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

போன தலைவர் உத்தரவு போட்டார்: வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் நீலத்தில் தன் பெயர் பூக்க வேண்டும். தோட்டக்காரர் கயிறு கட்டி, முளையடித்து, மூன்று நாள் மண்டிபோட்டு நட்டார். குளிரோடு அவருக்குப் பணி ஓய்வு. மண்ணைத் தட்டும்போது அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. போகிற மனுஷன், நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

குளிருக்கு நடுவில் தேர்தல் வந்தது. தலைவரைத் தோற்கடித்தது வேறு யாருமில்லை, அவருடைய சகலைதான். பூங்காவுக்கு வாங்கிய பெஞ்சுகளில் நாலு, பழையவர் வீட்டு வாசலில் கிடந்தது தெருவுக்கே தெரியும். புதியவர் வந்த வேகத்தில் அவற்றை மீட்டெடுத்து, தன் வீட்டு வாசலில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வேலையாகப் பூங்காவுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். காற்று வாங்கப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“அந்த ஆள் பேரையா நட்டு வெச்சிருக்கே?”

“இல்லைங்க. அவர் பேரை நடலை.”

“பின்ன யார் பேரு?”

தோட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தான் ஜெயிக்கப்போவதை முன்கூட்டியே கணித்துத் தன் பெயரை நட்ட ஒரே ஆத்மா என்று உச்சி குளிர்ந்துபோய், பணி நீட்டிப்பு ஒரு வருஷம், பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலேயே குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். கைம்பெண்ணாகித் திரும்பி வந்த தங்கை, அவள் பிள்ளைகள் என்று அந்த வீட்டில் ஆறு பேர். கும்பிட்டுக்கொண்டு நின்ற மனுஷனுக்கு ஏன் வேர்க்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு தலைவர் வாரம் தவறாமல் வந்து முளைகளைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றைப் பிடுங்கியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்.

பால்கனிக் கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் வந்து மோதியது.

போட்டோக்காரர் கம்பியில் சாய்ந்து கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அப்படியே இறக்கினார். திரும்பித் தோட்டக்காரரைப் பார்த்தார். தோட்டக்காரர் என் சாப்பாட்டு மேஜையில் இருந்த உப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். இருபது வருஷமாக இந்தத் தெருவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கீழே தலைவர், புதுக் கோட்டில், இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றார். அவர் நிற்கும் உயரத்துக்கு அது வெறும் பூ. எழுத்தாகத் தெரிவது என் வீட்டிலிருந்து மட்டும்தான்.

“என்னம்மா, நல்லா தெரியுதா?” என்று கத்தினார்.

இந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டு நான் அடுத்த குளிர்காலம்வரை ஓட்டலாம். பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவாள். பூங்காவுக்குப் பின்னால், அந்த வீட்டுக் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகளாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“பளிச்சுனு தெரியுதுங்க,” என்றேன். “ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.”

தலைவர் பூரித்துப்போய், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இங்கிருந்து எடுத்தா உங்க முகம் கடுகு மாதிரி விழுது, தலைவரே,” என்று போட்டோக்காரர் குரல் கொடுத்தார். “கீழ வந்து கிட்டத்துல எடுக்கறேன்.”

முகம் என்றதும் தலைவர் மறுபேச்சுப் பேசவில்லை. தோட்டக்காரர் என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

கொடுத்துவிட்டு, கதவைச் சாத்துமுன் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். வெள்ளைக்கு நடுவில், ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு, நீலத்தில் நாலு எழுத்து: திருடன்.